கிரேஹவுண்ட் வெளியே போகக் கேட்காது, நீங்கள்தான் கதவைத் திறக்க வேண்டும்

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த எங்கள் கிரேஹவுண்ட் நாய் வீட்டுக்கு வந்த இரண்டாம் இரவு. இரண்டு மணிக்குக் கண்விழித்தபோது கட்டிலோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. குரைக்கவில்லை, முனகக்கூட இல்லை. பாசம் பொங்குகிறது போலும் என்று தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். காலையில் கூடத்து விரிப்பில் கால் வைத்த பிறகுதான் அது எதற்காக நின்றது என்று தெரிந்தது.

பந்தய ஓட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற நாயைத் தத்தெடுப்பவர்களில் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். அதுவாகக் கேட்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். பந்தயக் கொட்டிலில் எந்த நாயும் கேட்டு வெளியே போவதில்லை. நாளுக்குச் சில முறை, குறித்த நேரத்தில் கதவு திறக்கும். வேலியடைத்த திறந்தவெளிக்குப் போய் வேலையை முடித்துவிட்டுத் திரும்பும். அப்படியே வளர்ந்த நாய்க்குக் கதவைப் பிராண்டிக் கூப்பிடலாம் என்று தோன்றவே தோன்றாது. ஆகவே நேரம் பார்க்கும் வேலை உங்களுடையது. எழுந்தவுடன், சாப்பிட்டவுடன், விளையாடி முடித்தவுடன், இரவு படுக்கும் முன் வெளியே அழைத்துப் போங்கள். முதல் சில வாரங்களுக்குப் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும் போக வேண்டும். இடையில் அது நிலைகொள்ளாமல் உலாத்தினாலோ, காரணமின்றி மூச்சிரைத்தாலோ, உங்களை வெறித்துப் பார்த்தாலோ செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள்.

“வளர்ந்த நாய்தானே, இதெல்லாம் தெரிந்திருக்கும்” என்பார்கள். தெரியும்தான். படுக்கிற இடத்தை அசுத்தம் செய்யக் கூடாது என்று அதற்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்தப் பாடம் கூண்டளவு இடத்தில் கற்றது. மெத்தையிலிருந்து பத்தடி தள்ளியிருக்கும் விருந்தினர் அறை அதன் கணக்கில் வெளியிடம். முதல் நாளே எல்லா அறைகளையும் திறந்துவிடாதீர்கள். வாசல்படி ஏறும் முன்பே வெளியில் ஒன்றுக்குப் போகவிட்டு, கயிற்றைக் கழற்றாமல் வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள். ஆண் நாய் மேசைக்காலை மோந்துவிட்டுப் பின்னங்காலைத் தூக்கப் பார்த்தால், அதட்டாமல் நேரே வெளியே நடத்திச் செல்லுங்கள்.

பின்கதவைத் திறந்துவிட்டு நீங்கள் உள்ளேயே நின்றால், அதுவும் கதவைப் பார்த்தபடி நிற்கும். தனியாக இருந்து பழகாத பிராணி அது. கூடப் போங்கள், தினமும் ஒரே மூலைக்கு. கயிற்றில் பிடித்திருக்கும்போது, பக்கத்தில் ஒருவர் உற்றுப் பார்த்தபடி நின்றால் பல நாய்கள் அடக்கிக்கொள்ளும். முகத்தை வேறு பக்கம் திருப்பி, பேசாமல், பத்து நிமிடம் பொறுங்கள். முடித்த அந்த நொடியில், அந்த இடத்திலேயே தின்பண்டம் கொடுங்கள். உள்ளே வந்த பிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்த பரிசு என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். முடித்ததும் அவசரமாக இழுத்து வருவதும் வேண்டாம். சிறுநீர் கழித்தால் உலா முடிந்துவிடும் என்று கண்டுகொண்ட நாய், அதைத் தள்ளிப்போடவும் கற்றுக்கொள்ளும். தவிர, கொஞ்சம் நடந்தால்தான் பலவற்றுக்கு இரண்டுக்கு வரும்.

தூக்கக் கலக்கத்தில், வேலியில்லாத இடத்தில், ‘ஒரு நிமிடம்தானே’ என்று கயிறில்லாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய நாய், ஒரு பூனையைக் கண்டால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. கிரேஹவுண்டின் தலை கழுத்தைவிட ஒடுங்கியது. சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து எளிதாக உருவிக்கொள்ளும். இழுத்தால் அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை இதற்காகவே விற்கப்படுகிறது.

மழை ஒரு தனித் தலைவலி. மெல்லிய தோல், குட்டை ரோமம், உடம்பில் கொழுப்பும் மிகக் குறைவு. குளிரில் அது வாசலோடு நின்றுவிடுவதைப் பிடிவாதம் என்று சொல்ல மாட்டேன். அதற்கு மழைச்சட்டை, உங்களுக்குக் குடை. வேறு வழியில்லை.

வீட்டுக்குள் நனைத்துவிட்டால், அதன் முகத்தை ஈரத்தில் தேய்ப்பது, கத்துவது இரண்டும் பயனற்றவை. கூச்ச சுபாவமுள்ள இந்த நாய் அதிலிருந்து கற்பது ஒன்றே: இவர் கண்ணில் படாமல் போக வேண்டும். பிறகு சோபாவுக்குப் பின்னால் தேட வேண்டியிருக்கும். துடைக்கும்போது அமோனியா கலந்த திரவத்தைத் தவிருங்கள். சிறுநீரிலும் அதே நெடி உண்டு. மறுநாளும் அங்கேயே வரச் சொல்லி அழைப்பு வைத்ததுபோல் ஆகும். என்சைம் (நொதி) கலந்த துப்புரவுத் திரவமே வாடையை முழுதாக அழிக்கும்.

இரவில் நனைக்காமல் இருக்கட்டும் என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுவது கொடுமை. வந்த நாளே தீவனத்தை மாற்றினால் வயிறு இளகும். பழைய தீவனத்தோடு கலந்து, ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள்.

நேரம் தவறாமல் அழைத்துப் போயும் அடிக்கடி சொட்டினாலோ, முக்கினாலோ, தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றைப் பயிற்சியால் திருத்த முடியாது. இரத்தப் பரிசோதனை எடுத்தால், நாய் கிரேஹவுண்ட் என்பதை நினைவூட்டுங்கள். இந்த இனத்துக்கு, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியேட்டினினின் அளவு இரத்தத்தில் இயல்பாகவே மற்ற நாய்களைவிடச் சற்றுக் கூடுதல். தாளில் அந்த எண்ணை மட்டும் பார்த்து, சிறுநீரகம் போய்விட்டது என்று பதறியவர்கள் உண்டு.