புதிய கர்னல் பூட் ஆகவில்லையா? கடைசி வரிக்கு மேலே பாருங்கள்

பயிற்சிக்கு வந்திருந்த மாணவர் ஒருவர், தானே கம்பைல் செய்த லினக்ஸ் கர்னலுடன் (இயங்குதளத்தின் மையப் பகுதி) போன வாரம் மூன்றாவது நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். திரையில் நின்ற வரி எனக்கு மனப்பாடம்: ரூட் ஃபைல் சிஸ்டத்தை (இயங்குதளத்தின் கோப்புகள் இருக்கும் இடத்தை) மவுன்ட் செய்ய முடியவில்லை, 'அன்நோன்-பிளாக்(0,0)', கர்னல் பேனிக், அதாவது கர்னல் அங்கேயே நின்றுவிட்டது. இதே வரிக்கு முன்னால் நானும் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது

கர்னல் அமைப்பில் என்விஎம்இ டிரைவரையும் (டிஸ்க்குக்கானது) இஎக்ஸ்டி4 ஆதரவையும் (ஃபைல் சிஸ்டத்துக்கானது) 'எம்' என்று மாட்யூலாக, அதாவது தேவைப்படும்போது ஏற்றும் தனிக் கோப்பாக விட்டால், அந்தக் கோப்புகள் போய் உட்காருவது அதே டிஸ்க்கில். டிஸ்க்கைத் திறக்க டிரைவர் வேண்டும். டிரைவரை எடுக்க டிஸ்க் திறக்க வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான், கர்னலோடு சேர்ந்தே நினைவகத்தில் ஏறும் சிறிய தற்காலிக ஃபைல் சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ் இருக்கிறது.

நான் உட்கார்ந்திருந்த அந்த இரவில் இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமலே பூட் செய்யப் பார்த்தேன். இரண்டையும் 'ஒய்' (கர்னலுக்குள்ளேயே சேர்) என்று மாற்றி, மறுபடி கம்பைல் செய்தேன். மறுபடியும் (0,0). விடியும்வரை டிரைவர்களையே மாற்றிக்கொண்டிருந்தேன். கோளாறு, கர்னலை ஏற்றும் கிரப் நிரலின் வரியில் இருந்தது: 'ரூட்=யூயூஐடி'. ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடியை (அதன் தனி அடையாள எண்ணை) தேடிப் பிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸின் வேலை. கர்னலுக்குத் தானாகப் புரிவது பார்ட்டிஷனின் அடையாள எண்ணான பார்ட்யூயூஐடிதான். பிஎல்கேஐடி கட்டளை காட்டிய பார்ட்யூயூஐடியை அங்கே எழுதியதும் பூட் ஆனது.

பேனிக் வரிக்குச் சற்று மேலே, கர்னல் தன் கண்ணில் பட்ட பார்ட்டிஷன்களைப் பட்டியலிட்டுத் தருகிறது. பட்டியலில் உங்கள் டிஸ்க் இல்லையென்றால் டிரைவர் இல்லை. டிஸ்க் இருந்தும் (0,0) என்றால் 'ரூட்=' தவறு. (259,2) போல எண் வந்தால் பார்ட்டிஷன் கிடைத்துவிட்டது, ஃபைல் சிஸ்டம் டிரைவரைப் பாருங்கள். இவ்வளவும் திரையில் இருக்க, அதைப் படிக்காமல் மறுபடி மறுபடி கம்பைல் செய்வதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பொறுக்கவில்லை.

மாணவரின் திரையில் பட்டியல் காலி. மாட்யூல்களை நிறுவும் 'மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்' கொடுக்கும் முன்பே, கர்னலை நிறுவும் 'மேக் இன்ஸ்டால்' கொடுத்திருந்தார். மாட்யூல்கள் வந்து சேராததால் இனிட்ராம்எஃப்எஸ் உருவாகவே இல்லை. பிறகு டிரைவர் எங்கிருந்து வரும்?

பூட் பார்ட்டிஷன் நிரம்புவது

டிபக் (பிழை தேடும்) தகவல்களோடு மாட்யூல்களை நிறுவினால் இனிட்ராம்எஃப்எஸ் பல மடங்கு பெருத்துவிடும். 'இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1' சேர்த்து நிறுவுங்கள்.

லோக்கல்மாட்கான்ஃபிக்

கர்னல் அமைப்பைச் சுருக்கும் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கட்டளை, அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். தேவையான சாதனங்களை முதலில் செருகுங்கள்.

செக்யூர் பூட்

கணினியில் இந்தப் பாதுகாப்பு வசதி இயக்கத்தில் இருந்தால், டிஜிட்டல் கையொப்பமில்லாத கர்னலை உள்ளே விடாது.

பழைய கர்னலை அழிப்பது

வேண்டாம்.