கோழிக்கு வயது ஏற ஏற முட்டை எப்படி மாறும்?

பினாங்கில் பாலிக் புலாவ், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து கோழி வளர்ப்பவர்களுக்கு இது. (தாமான் வீடென்றால் முதலில் மாநகர் மன்ற விதிமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

பழுப்பு முட்டையிடும் கலப்பினப் பெட்டை 18–20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். கம்பத்துக் கோழிக்கு இன்னும் சில வாரம் கூடும். கொண்டை சிவந்து, முதுகில் கைவைத்ததும் பதுங்கி உட்கார்ந்தால் நாள் நெருங்கிவிட்டது. வாலுக்குக் கீழே இடுப்பெலும்பு நுனிகள் இரண்டுக்கும் நடுவே விரல் வைத்துப் பாருங்கள்: ஒரு விரலே திணறினால் இன்னும் இல்லை, இரண்டு விரல் தாராளமாகப் போனால் இடுகிறது. அதற்கு வெகு முன்பே லேயர் தீனி (முட்டையிடும் கோழிக்கான தீனி) போடாதீர்கள், அதிலுள்ள 3.5–4% கால்சியம் இளங்கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தலையீத்து முட்டை 40–45 கிராம்தான் இருக்கும். இரட்டைக் கரு, மஞ்சளே இல்லாத குட்டி முட்டை, ஓடு கட்டாத தோல்முட்டை, ஓட்டில் ரத்தக் கீற்று எல்லாம் வரும். முட்டைக்குழாய் இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை, அவ்வளவுதான். மருந்து வேண்டாம். சில வாரம் கழித்தும் தோல்முட்டை வந்தால் மட்டும் தீனியைப் பாருங்கள். பெரும்பாலும் மிச்சச் சோறும் ரொட்டியும் அளவுக்கு மீறிப் போயிருக்கும்.

30 வார வயதுக்கு மேல் முட்டை 55–60 கிராமுக்கு வரும், கடைக் கணக்கில் சி கிரேடு. ஓடும் வெள்ளையும் கெட்டியாக இருப்பது இந்தக் காலத்தில்தான். அரைவேக்காட்டுக்கு இதைவிட நல்ல முட்டை கிடையாது.

ஒரு வருடம் இட்ட கோழியின் முட்டை எண்ணிக்கையில் குறையும், அளவில் பெருக்கும். ஆனால் ஓட்டுக்குப் போகும் கால்சியம் அதே 2 கிராம் சொச்சம்தான். பெரிய முட்டைமேல் அது பரவுவதால் ஓடு மெலியும், பழுப்பும் வெளுக்கும். தட்டில் உடைத்தால், அன்று காலை இட்டதாகவே இருந்தாலும் வெள்ளை தண்ணீராய் ஓடும். பழைய முட்டை என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இதையும் யோசிக்கலாம்.

ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. ஆகவே கால்சியத்துக்குச் சிப்பியோட்டை 2–4 மில்லிமீட்டர் துண்டாக உடைத்து, மாலை 5 மணிக்குத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தூள் குடலில் சீக்கிரம் கடந்துவிடும். துண்டு இரைப்பையில் தங்கி விடியும்வரை கரையும். தீனியோடு கலக்க வேண்டாம், சேவலுக்கு அது தேவையில்லை.

இத்தனை செய்தும் ஓடு மெலிந்தால் வெயில்தான் காரணமாக இருக்கும். வாய் திறந்து மூச்சிரைக்கும் கோழி ரத்தத்திலுள்ள கரியமிலவாயுவை இழக்கிறது; ஓடு கட்ட அது வேண்டும். மதியத்தில் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுங்கள்.

இறகு உதிர்க்கும்போது முட்டை நின்றுபோகும். உடனே குழம்புக்கு அனுப்பிவிடாதீர்கள். இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப இடும், ஓடும் கொஞ்ச காலம் உறுதியாக வரும். அதுவரை தீனியைக் குறைக்கக் கூடாது. புது இறகு முளைக்கப் புரதம் வேண்டும்.