நெகட்டிவ் ஃபிலிமுக்கு ஒரு ஸ்டாப் தாராளம்

டிஜிட்டலில் பழகிவிட்டு ஃபிலிம் கேமராவை எடுப்பவர்கள், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400 கலர் நெகட்டிவ் ரோல் போட்டால் வெளிச்சம் அளக்கும் மீட்டரை 200-இல் வையுங்கள். ஃபிலிமுக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சம் கிடைக்கும். டிஜிட்டலில் வெளிச்சம் மிஞ்சி வெளுத்த இடம் திரும்பாது, இருட்டைத்தான் பிறகு தூக்கலாம். நெகட்டிவ் நேரெதிர்: நிழலில் எதுவும் பதியாவிட்டால் ஸ்கேனில் சேறு மாதிரிக் குருணைதான் மிஞ்சும். வெளிச்சம் இரண்டு ஸ்டாப் கூடினாலும் தாங்கிக்கொள்ளும். ரோல் விற்கிற விலைக்கு ஒரு ஃபிரேம் போனாலும் வலிக்குமே!

லேபில் வழக்கம்போல 400-க்கே கழுவச் சொல்லுங்கள்.

வெல்வியா, எக்டாக்ரோம் போன்ற ஸ்லைடு ஃபிலிமுக்கு (நெகட்டிவ் இல்லாமல் நேரடியாகப் படமே பதிவது) இது ஆகாது. டிஜிட்டல் போலவே வெளுத்துவிடும். மங்கிய வெளிச்சத்தில் ஷட்டர் வேகம் குறைந்து கை ஆடும் என்றால் 400-இலேயே விட்டுவிடுங்கள்.