கடல் மீன் தொட்டியில் விஷம்: புதிதாக வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை, பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி பக்கமெல்லாம் கடல் மீன் தொட்டி வைக்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். தூத்துக்குடி பக்கத்திலேயே இருக்கிறது, உப்புத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, சென்னை கொளத்தூரில் ராத்திரி பஸ்ஸில் ஏற்றிவிட்டால் காலையில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் போய் இறக்கிக்கொள்ளலாம். சந்தோஷம்தான். ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் பண்ணின அதே வேலையை இவர்களும் வரிசை மாறாமல் பண்ணுவதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. தீனி அதிகம் போடுவது, முதல் வாரமே தொட்டி நிறைய மீன் விடுவது, இதெல்லாம் மீனோடு போகிற நஷ்டம், யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். மனுஷனைப் படுக்க வைக்கிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

லயன் ஃபிஷ் சாது என்று நம்புவது

அது சாதுதான். துரத்திக் கொட்டுகிற மீன் இல்லை. ஆனால் கண்ணாடியைத் தேய்க்க நீங்கள் கையை விட்டதும் அது என்ன செய்கிறது என்று ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். ஓடாது. தலையைக் கீழே தணித்து, முதுகு முட்களைக் கை இருக்கும் பக்கமாகத் திருப்பிக்கொண்டு அசையாமல் நிற்கும். முதுகில் 13 முள், அடிவயிற்றுத் துடுப்பில் இரண்டு, குதத்துடுப்பில் மூன்று, அத்தனையிலும் விஷம். விசிறிமாதிரி விரிந்து நிற்கும் பக்கவாட்டுத் துடுப்பில் விஷம் இல்லை, ஆனால் எல்லோரும் பயப்படுவது அதைப் பார்த்துத்தான்.

செத்த லயன் ஃபிஷ்ஷின் முள்ளை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். முள்ளின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் சின்னப் பள்ளம் ஓடும், விஷத்தைச் சுரக்கும் சதை அந்தப் பள்ளத்தில் இருக்கும், மேலே மெல்லிய தோல் உறை. முள் குத்தும்போது உறை பின்னால் ஒதுங்கி, சதை நசுங்கி, விஷம் பள்ளம் வழியாகக் காயத்துக்குள் இறங்கும். மீன் எதையும் பீய்ச்சுவதில்லை, நீங்கள் கொடுக்கிற அழுத்தமே போதும். அதனால்தான் செத்த மீனை வெறுங்கையால் எடுத்து எறிகிறவனுக்கும் கொட்டுகிறது, வலை வழியாகவும் பாலித்தீன் பை வழியாகவும் குத்துகிறது. பஸ்ஸில் வரவழைத்தால் பைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்க வேண்டும் என்று அனுப்புகிறவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வீட்டிலும் வலையைத் தூக்கி வைத்துவிட்டு டப்பாவால் மொண்டு எடுங்கள்.

குத்திவிட்டால் வலி உயிர் போகும். முள் துண்டு வெளியே தெரிந்தால் எடுத்துவிட்டு, பொறுக்கிற சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் கையை முக்கி வையுங்கள், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை. சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள், வலியில் இருக்கிற கைக்குச் சூடு தெரியாது, வெந்து போகும். இந்த விஷம் புரதம், சூட்டில் குலைந்துவிடும். கத்தியால் கீறுவது, கயிறு போட்டு இறுக்குவது, சுண்ணாம்பு தடவுவது ஒன்றும் வேண்டாம். வலி அடங்கினாலும் டெட்டனஸ் ஊசிக்காக டாக்டரைப் பாருங்கள். மூச்சு வாங்கினாலோ தலை சுற்றினாலோ வெந்நீருக்காகக் காத்திராமல் உடனே கிளம்புங்கள்.

ஸ்டோன் ஃபிஷ் என்றால் கதையே வேறு. அதற்கான விஷமுறிவு மருந்து தயாராவது ஆஸ்திரேலியாவில். வீட்டில் வைக்கிற மீன் இல்லை அது.

ஊர்ப் பெயர் தெரியாமல் வாங்குவது

மஞ்சள் உடம்பும் கறுப்பு வெள்ளை மூஞ்சியுமாக ஃபாக்ஸ்ஃபேஸ் என்று விற்கிறார்களே, அது நம் ஓரா மீன் சாதி. ஓரா முள் பட்டால் எப்படி இருக்கும் என்று தூத்துக்குடியில் மீன் ஆய்கிற எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார்கள், தெரியாமல் கையை விடுகிறவர் அதற்கு நல்ல காசு கொடுத்து வாங்கியவர்தான். கூட்டம் கூட்டமாகச் சுற்றும் வரிபோட்ட குட்டிக் கெளுத்தியும் அப்படித்தான், முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று விஷ முள். குட்டியில் பார்க்க அழகாக இருக்கிறதே என்று பிள்ளைகள் கேட்கும், வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

வெந்நீர் ஊற்றினால் எல்லா விஷமும் போகும் என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்ததே. எத்தனை பேரிடம் சொல்லியும் தீரவில்லை, இன்னும் வாட்ஸாப்பில் "கொதிக்கக் கொதிக்க ஊத்துங்க அண்ணாச்சி, ஒரே நாள்ல போயிரும்" என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். படிக்கும்போதே எரிச்சலாக வருகிறது.

விஷயம் ஜோவா, பவளத்துக்கு உறவான ஒரு கடல் உயிர். பட்டன் பாலிப் என்றும் சொல்வார்கள். கல்லில் சட்டைப் பொத்தான் அளவில் கொத்தாக வளரும், பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று எல்லா நிறத்திலும் வரும், வளர்ப்பது சுலபம், அதனால் புதியவர்கள் கையில் முதலில் கிடைப்பதே இதுதான். இதன் உறவுக்காரன் பாலித்தோவா, பெரும்பாலும் அழுக்குப் பழுப்பு நிறம், தடித்த உடம்பு. யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை, வேறு பவளத்தோடு கல்லில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வந்தால் கல் முழுவதையும் மூடிவிடும். அதை ஒழிக்கத்தான் இந்த வெந்நீர் யோசனை.

இவற்றில் பலவற்றின் உடம்பில் இருப்பது பாலிடாக்சின். ஹவாய் தீவுக் கடலில் கிடைத்த பாலித்தோவாவிலிருந்து 1971-ல் இதைப் பிரித்தெடுத்தார்கள். அந்தத் தீவுக்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அந்த உயிரை ஈட்டி முனையில் தடவிப் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். புரதம் அல்லாத விஷங்களில் மிகக் கொடியவற்றில் ஒன்று. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும், அந்த வேலையைச் செய்யும் பம்ப்பில் போய் ஒட்டிக்கொண்டு அதைத் திறந்த ஓட்டையாக மாற்றிவிடும் இது. தசையும் இதயமும் நுரையீரலும் அந்தப் பம்ப்பை நம்பித்தான் ஓடுகின்றன. புரதம் அல்ல என்பதைக் கவனியுங்கள். லயன் ஃபிஷ் விஷத்தைக் குலைக்கிற வெந்நீர் இதை ஒன்றும் செய்யாது. கொதிநீர் பட்டால் விஷம் முறியாது, ஆவியோடு கிளம்பித் துளித்துளியாகக் காற்றில் ஏறும். கையில் இருந்தால் ஒரு ஆளுக்கு ஆபத்து, காற்றில் ஏறினால் வீட்டுக்கே ஆபத்து.

பெருமாள்புரத்தில் ஒரு தம்பி. நம் ஊர் வெயிலுக்குக் கடல் தொட்டியை 26, 27 டிகிரியில் வைக்க வேண்டுமென்றால் சில்லர் வேண்டும், அது விலை அதிகம் என்று தொட்டியை ஏ.சி. போட்ட படுக்கையறையிலேயே வைத்திருந்தார். இது இங்கே பல வீட்டில் இருக்கிற பழக்கம். ஜன்னல் திறப்பதே இல்லை. ஒரு கல்லில் பழுப்புப் பாலித்தோவா மண்டிவிட்டது, யாரோ சொன்னார்கள் என்று அறையோடு சேர்ந்த குளியலறையில் கல்லை ஒரு வாளியில் போட்டு, ஒரு பானை கொதிநீரை ஊற்றி, அப்புறம் பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்திருக்கிறார். ராத்திரி எனக்குப் போன் வந்தது, கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "காப்பி குடிச்சா துருப்பிடிச்ச ஆணியச் சப்புன மாதிரி இருக்கு அண்ணாச்சி, உங்களுக்கும் இந்தக் காய்ச்சல் வந்துச்சா?" என்றுதான் கேட்டார். அவருக்குக் குளிர் நடுக்கம், மனைவிக்கு இருமல், பக்கத்து அறையில் படுத்திருந்த அம்மாவுக்கு நெஞ்சு இறுக்கம். சாயந்தரமே ஒரு டாக்டரைப் பார்த்து, ஊரில் சுற்றுகிற வைரல் காய்ச்சல் என்று மாத்திரையும் வாங்கியாயிற்று. டாக்டரைக் குறை சொல்ல முடியாது, காய்ச்சல், இருமல், உடம்பு வலி என்றால் வேறு என்ன நினைப்பார், கல்லை வேக வைத்தோம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"கல்லை என்ன பண்ணினீங்க தம்பி?" என்று கேட்டதும் பதில் வந்தது. போட்டது போட்டபடி எல்லோரும் தெருவுக்கு வாங்க, ஏ.சி.யை நிறுத்துங்க, எதையும் எடுக்கத் திரும்ப உள்ளே போகாதீங்க என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போய் ஆக்சிஜன் வைத்து, அம்மாவைக் கூடுதலாகச் சில நாள் வைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் பிழைத்தார்கள், அவருக்கு இருமல் போக வாரக்கணக்கில் ஆயிற்று. மெத்தை, திரைச்சீலை எல்லாம் வெளியே போட வேண்டி வந்தது, தொட்டியையும் எடுத்துவிட்டார்.

இது இங்கே மட்டும் நடக்கிற கூத்து இல்லை. அலாஸ்காவில் 2012-லிருந்து 2014 வரை கடைகளிலும் வீடுகளிலும் இதே மாதிரி ஆட்கள் விழுந்ததைப் பொது சுகாதாரத் துறையினர் பதிவு செய்திருக்கிறார்கள். 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் ஒரு வீட்டில் பவளக்கல்லைச் சுத்தம் செய்யப்போய், குடும்பத்தோடு உதவிக்கு வந்த தீயணைப்புக்காரர்களும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

இதற்கு முறிவு மருந்து கிடையாது. மூச்சு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் இவற்றைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். கண்ணில் தெறித்தால் கருவிழியே புண்ணாகும், அப்போதே ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். டாக்டரிடம் "பாலிடாக்சின்" என்ற பெயரைச் சொல்லுங்கள், கல்லின் போட்டோவைக் காட்டுங்கள், கல்லைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

சரி, கல்லை எப்படித்தான் ஒழிப்பது? கொதிநீர் கூடாது, மைக்ரோவேவ் கூடாது, பிரஷ் கூடாது, வெயிலில் காயப்போட்டுச் சுரண்டவும் கூடாது. நைட்ரில் கையுறை, கண்ணாடி, மாஸ்க் போட்டுக்கொண்டு, கல்லைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு மூடி போட்ட வாளியில் வைத்து வீட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள். அங்கே இன்னொரு வாளியில் 5, 6 சதவீத பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு என்று அப்போதே கலந்து, கல் முழுவதும் முங்குமாறு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பிளீச்சோடு ஆசிட் எதுவும் சேரக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பிறகு கல்லைப் பொதிந்து எறிந்துவிடுங்கள். கல்லைக் காப்பாற்ற நினைப்பதில்தான் எல்லாக் கேடும் ஆரம்பமாகிறது, ஒரு கல் போனால் போகட்டும். நிறத்தை வைத்து இது விஷமுள்ளது, இது இல்லாதது என்று சொல்கிறவரை நம்பாதீர்கள், ஒரே மாதிரி இருக்கிற இரண்டு கொத்தில் ஒன்றில் ஏராளமாக இருக்கும், மற்றதில் ஒன்றும் இருக்காது.

குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்குவது

வேண்டவே வேண்டாம். கை பம்ப் விற்கிறது.

கரண்ட் போன நேரத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கையை விடுவது

காத்திருங்கள்.

கரையில் கிடப்பதைப் பொறுக்கித் தொட்டியில் போடுவது

உவரிக்கும் மணப்பாட்டுக்கும் போய்வருகிறவர்கள் பையில் நாலு சிப்பியோடுதான் திரும்புகிறார்கள். கூம்புச் சங்கு உயிரோடு இருந்தால் தொடவே தொடாதீர்கள். அதன் பல் ஒரு ஈட்டி. நீளும் மூக்கின் நுனியில் வைத்துக் குத்தும், அகலமான பக்கத்தைப் பிடித்தால் எட்டாது என்பது பொய், மூக்கு வளைந்து வரும். மீன் தின்னும் பெரிய வகைகள் குத்தி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள்.

காலிச் சங்குக்குள் குட்டிப் பேய்க்கணவாய் இருந்தாலும் அப்படியே விட்டுவிடுங்கள். நீல வளையம் போட்ட வகை உள்ளங்கைக்குள் அடங்கும், கடித்தது பல நேரம் தெரியக்கூடத் தெரியாது, அப்புறம் உதடு மரத்து, மூச்சுத் தசைகள் நின்றுபோகும். அது டெட்ரோடாக்சின், இதையும் வெந்நீர் ஒன்றும் செய்யாது, செயற்கை மூச்சு கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரி போவது ஒன்றுதான் வழி.

நம் கடலின் பவளக்கல்

எடுக்காதீர்கள், செத்த கல்லாக இருந்தாலும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா, பவளங்கள் 2001-ல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. பீங்கான் கல் கடையில் கிடைக்கிறது.

வீட்டில் சொல்லாமல் இருப்பது

தொட்டி வைக்கிறவருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. வீடு துடைக்க வருகிற அக்கா கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று விளிம்பில் கையை வைப்பார், ஊரிலிருந்து வந்த மைனி பிள்ளை மீனைத் தொடப் பார்க்கும். தொட்டியின் மேல் ஒரு அட்டையில் என்னென்ன இருக்கிறது, குத்தினால் என்ன செய்ய வேண்டும், எதற்கு வெந்நீர், எதற்குக் கூடாது, 108, உங்கள் நம்பர் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். தமிழில் எழுதுங்கள். மூடிக்குப் பூட்டு போடுங்கள்.

வேண்டாம் என்றதும் கடலில் கொண்டுபோய் விடுவது

ஃப்ளோரிடா கடலில் 1985-ல் முதல் லயன் ஃபிஷ்ஷைப் பார்த்தார்கள், யாரோ தொட்டியிலிருந்து விட்டதுதான் காரணம் என்று சொல்கிறார்கள், இன்றைக்குக் கரீபியன் கடல் முழுக்க அதுதான். இங்கே அந்தச் சாதி ஏற்கெனவே உண்டு என்று வாதாடாதீர்கள், தொட்டி மீன் சுமந்துபோகிற நோய் நம் கடலுக்குப் புதிது. வாங்கும்போதே திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள், மாட்டேன் என்கிற கடையில் விஷ மீன் வாங்காதீர்கள்.