தார் போடுமுன் ஜல்லித்தளத்தின் ஈரத்தைச் சரிபார்ப்பது எப்படி?

ரோலர் பத்து முறை போய் வந்தும் தளம் இறுகவில்லையா? பதினோராவது முறை ஓட்டாதீர்கள். பெரும்பாலும் குற்றம் ரோலரிடம் இல்லை, தண்ணீரிடம்தான்.

ஈரம் குறைந்தால் ஜல்லியும் தூளும் ஒன்றோடொன்று உரசி நின்றுவிடும், நழுவி நெருங்காது. ஈரம் மிகுந்தால் இடுக்குகளைத் தண்ணீரே அடைத்துக்கொள்ளும்; ரோலரின் எடையையும் அதுவே தாங்கும். இரண்டுக்கும் நடுவில், கலவை மிக நெருக்கமாக இறுகும் ஓர் அளவு உண்டு. அதுதான் உகந்த ஈரப்பதம். இதைக் கண்டறியும் சோதனையை 1933இல் பிராக்டர் என்ற பொறியாளர் வெளியிட்டார்.

படி 1: இரண்டு எண்கள்

ஆய்வகத்திடமிருந்து உகந்த ஈரப்பதத்தையும், அந்த ஈரத்தில் இறுக்கும்போது கிடைக்கும் உச்ச உலர் அடர்த்தியையும் (தண்ணீரின் எடையைக் கழித்த அடர்த்தி) வாங்குங்கள். உடைகல் கலவைக்கு ஈரப்பதம் பெரும்பாலும் 5 முதல் 8 விழுக்காட்டுக்குள் இருக்கும். சாதாரண பிராக்டரா, கனத்த சம்மட்டியால் இடிக்கும் திருத்திய பிராக்டரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்னதில் அடர்த்தி கூடும், ஈரப்பதம் குறையும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கு முழுவதும் பாழ்.

படி 2: வாணலிச் சோதனை

தளத்தின் முழு ஆழத்திலிருந்தும் கலவையை எடுத்து எடை போடுங்கள். 2,080 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வாணலியில் இட்டு, மெல்லிய தீயில் கிளறிக்கொண்டே வறுங்கள். மேலே ஒரு கண்ணாடித் துண்டைப் பிடித்தால் ஆவி படியும். ஆவி படியாமல் போனதும் ஆறவிட்டு எடை பாருங்கள். மறுபடி சற்றுச் சூடாக்கியும் எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது. இப்போது 2,000 கிராம். போன தண்ணீர் 80 கிராம். அதை உலர்ந்த எடையால் வகுத்தால் 4 விழுக்காடு. ஈர எடையால் வகுப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

படி 3: தண்ணீர்க் கணக்கு

தேவை 6 விழுக்காடு, இருப்பது 4. 100 சதுர மீட்டர் பரப்பு, இறுகிய பின் 150 மில்லிமீட்டர் தடிமன், உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 2.2 டன் என்றால் கலவை 33 டன். அதில் 2 விழுக்காடு 660 லிட்டர். வெயிலும் காற்றும் குடிப்பதற்குச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்து மேலே கொட்டிவிட்டால் மேல்பகுதி சேறாகும், அடிப்பகுதி உலர்ந்தே கிடக்கும். சிறிது சிறிதாகத் தெளித்து, கிரேடரால் (நீண்ட தகடு கொண்ட, தளம் சமன் செய்யும் வண்டி) புரட்டிக் கலக்க வேண்டும்.

படி 4: ரோலரின் முன்னால் பாருங்கள்

உருளைக்கு முன்னால் தளம் அலைபோல் எழுந்து, பின்னால் அமிழ்ந்தால் ஈரம் அதிகம். முதலில் அதிர்வை நிறுத்துங்கள். அது தண்ணீரை மேலே இழுத்துவரும். பிறகு கிளறிப் புரட்டிக் காயவிட்டு, மீண்டும் இறுக்குங்கள். காய்ந்த பிறகும் பஞ்சுபோல் ஆடினால் கீழேயுள்ள மண் ஊறியிருக்கக் கூடும். அந்த இடத்தைத் தோண்டிப் பார்க்காமல் வேறு வழியில்லை. புழுதி கிளம்பி, ஜல்லி நொறுங்கினால் ஈரம் போதவில்லை.

படி 5: அடர்த்தி

மணல் நிரப்பும் முறையில் (குழி தோண்டி, அதை நிரப்பும் மணலைக் கொண்டு குழியின் கன அளவைக் கண்டறிவது) அளந்த ஈர அடர்த்தி கன மீட்டருக்கு 2.30 டன், ஈரம் 6 விழுக்காடு என்றால், உலர் அடர்த்தி 2.30 ÷ 1.06 = 2.17. உச்சம் 2.20 எனில் இது 98.6 விழுக்காடு. ஒப்பந்தம் 98 கேட்டால் தேறிவிட்டது.

படி 6: காயவிடுங்கள்

அடர்த்தி தேறிய கையோடு தார் போட்டுவிடக் கூடாது. ஒருமுறை இரவு மழைக்குப் பிறகு, காலை பத்து மணிக்கே மேற்பரப்பு வெளுத்துவிட்டது என்று நம்பித் தார் போட்டோம். சில வாரங்களில் சக்கரத் தடத்தில் வலைபோல் விரிசல். உள்ளே சிக்கிய தண்ணீர் தளத்தின் வலுவைக் குறைத்துவிடும். தாரையும் ஜல்லியிலிருந்து உரிக்கும். இறுக்குவதற்கு வேண்டியிருந்த ஈரம் தார் போடும்போது வேண்டியதில்லை. அப்போது உகந்த அளவைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும்.

ஆகவே மேற்பரப்பின் நிறத்தை நம்பாதீர்கள். சிறு குழி தோண்டி, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து மறுபடி வாணலியில் இடுங்கள். குழியை அதே கலவையால் நிரப்பி இடித்துவிட மறக்க வேண்டாம்.