பெரிய டயர் போட்டதும் படுத்துவிட்ட வண்டி

29 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 32 அங்குலம் மாட்டியதிலிருந்து வண்டி மேட்டில் மூச்சு வாங்கியது. எஞ்சின்மேல்தான் சந்தேகம், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மாற்றியும் பயனில்லை. வீண் செலவு! பிறகுதான் கணக்குப் போட்டேன். டயர் 10 சதவீதம் பெருத்தால் சக்கரம் தரையைத் தள்ளும் விசை சுமார் 9 சதவீதம் குறையும். அதை ஈடுகட்ட அச்சின் கியர் விகிதத்தை, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் பக்கத்துத் தண்டு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்ற கணக்கை, கூட்ட வேண்டும். என் வண்டியில் அது 4.10, 32/29 ஆல் பெருக்கினால் 4.52. அதற்கு நெருக்கமாகக் கிடைத்த கியர் 4.56. பின் அச்சில் மட்டும் மாற்றலாமா என்று சபலம் தட்டியது. செய்திருந்தால், நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் இரண்டு அச்சுகளும் வெவ்வேறு விகிதத்தில் சுழல முயன்று ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பதம் பார்த்திருக்கும். இரண்டிலும் மாற்றினேன். இப்போது பாறைச் சரிவில் கிளட்சைத் தேய்க்காமல் முதல் கியரில் ஊர்ந்தே ஏறுகிறது.