பூரானா, மரவட்டையா?

மழை விட்ட காலையில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் காலணியை உதறாமல் போடாதீர்கள். உள்ளே பூரான் இருக்கலாம். ஆனால் எதைப் பார்த்தாலும் "ஐயோ, பூரான்!" என்று துடைப்பத்தைத் தூக்குகிறோமே, பாதி நேரம் அது பாவம், மரவட்டை.

காலைப் பாருங்கள். பூரானுக்குத் தட்டை உடம்பு. கணுவுக்கு ஒரு ஜோடிக் கால், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். விறுவிறுவென ஓடும். மரவட்டை உருண்டை, பெரும்பாலான கணுக்களில் இரண்டு ஜோடி. தொட்டால் சுருண்டுகொள்ளும். மலாயில் முன்னது லிப்பான், பின்னது கொங்கோக்.

பூரானுக்கு நூறு கால் என்பார்கள். அதுவும் சரியில்லை. அதன் கால் ஜோடிகள் ஒற்றைப்படை, 15 முதல் 191 வரை. நூறு கால் வர 50 ஜோடி வேண்டுமே!

பூரான் கொட்டுவது வாலால் அல்ல, தலைக்கு அடியிலுள்ள நச்சுக் கொடுக்குகளால். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, தாங்கும் சூட்டில் வெந்நீரில் வையுங்கள். மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனை. மரவட்டை அப்படியில்லை. அதன் உடம்பில் கசியும் திரவம் கையில் கறையாகும், எரியும். கண்ணைத் தொடுமுன் கழுவிவிடுங்கள், அவ்வளவுதான். அப்புறம் அதை முறத்தில் அள்ளி வெளியே விட்டால், மக்கிய இலைதழையைத் தின்றுகொண்டு செம்பனை அடியில் கிடக்கும்.